உப்புவெளிக்குப் போகும் பாதை



போட்ஸ்வானா நாட்டின் வடகிழக்கில் மக்காடிக்காடி என்றொரு உப்புவெளி இருக்கிறது. உலகின் மிகப் பெரிய உப்புத் தரைகளில் ஒன்று. சூவா, என்ட்வெட்வே என்ற இரண்டு பெருந்தரைகளும், அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற சிறு தரைகளும், இடையிடையே புல்வெளியும் மணல்மேடும் சேர்ந்ததுதான் அந்த நிலம். வறண்ட காலத்திலும் அங்கே போயிருக்கிறேன், மழைக்காலத்திலும் போயிருக்கிறேன். பார்த்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் இது பயணக் கதையோடு முடிந்துவிடும். அதற்காக நான் இங்கே வரவில்லை. காட்டுயிர்களைக் காப்பது என்றால் ஓர் இடத்துக்கு எல்லை குறித்து, பலகை நட்டு, காவல் போடுவது என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். அந்த நினைப்பு போதாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த நிலம் மக்காடிக்காடி. அங்கே நாம் கூட்டங்கூட்டமாகப் பார்க்கிற உயிர்கள் அங்கே குடியிருப்பவை அல்ல. மழையோடு வந்து மழையோடு போகிறவை. அவை வரும் வழி எங்கோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அடைபட்டால், இந்த இடத்தை எத்தனை காவலர்கள் சுற்றி நின்று காத்தாலும் பயனில்லை.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு உப்புப் பூத்துக் கிடக்கும் இந்த வெளி ஒரு காலத்தில் மாபெரும் ஏரி. நீர் நிறைந்திருந்த காலத்தில் அதன் பரப்பு சுமார் 66,000 சதுர கிலோமீட்டர் இருந்திருக்கும் என்று நிலவியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இலங்கைத் தீவின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒகவாங்கோ, ஜாம்பெசி, குவாண்டோ ஆறுகளின் நீர் அதில் வந்து சேர்ந்தது. பிறகு பூமியின் மேலோடு மெல்ல மெல்லப் பிளந்தும் வளைந்தும் ஆறுகளின் போக்கை மாற்றிவிட்டது. ஜாம்பெசி கிழக்கே திரும்பி, விக்டோரியா அருவியில் விழுந்து, இந்துமாக் கடலுக்குப் போகிறது. ஒகவாங்கோ ஒரு பிளவுப் பள்ளத்தில் இறங்கி, விசிறிபோல் விரிந்து, கடலைப் பார்க்காமலே மணலில் சுவறிவிடுகிறது. வரத்து நின்றது; வெயில் நிற்கவில்லை. ஆறுகள் காலங்காலமாகக் கரைத்துக் கொண்டுவந்த உப்பு வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கிவிட்டது. கடல் விட்டுப்போன உப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. மலைகளிலும் வயல்களிலும் ஓடி வந்த நன்னீர் சுமந்துவந்த உப்பு அது.

பழைய கரையை இன்றும் பார்க்கலாம். மேற்கே கிடிக்வே மேடு என்று நீளமாக ஒரு மணல்மேடு போகிறது. ஏரியின் அலைகள் ஒதுக்கிக் குவித்த மணல். கடல் இருக்கும் திசைகூடத் தெரியாத உள்நாட்டில், ஒரு கடற்கரையின் மேல் நின்றுகொண்டு, தண்ணீர் இல்லாத பக்கத்தை நோக்கிப் பார்க்கலாம்.

மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை கிடையாது என்றே சொல்லலாம். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும். அக்டோபரில் வெயில் நாற்பது டிகிரியை எட்டும். அந்தக் காலத்தில் தரையின் நடுவே நின்றால் நாலா பக்கமும் ஒரே கோடு. மரம், செடி, கல் ஒன்றும் இல்லை. அளவுக்கு ஒப்பிட ஒரு பொருளும் இல்லாததால் கண் தடுமாறிப்போகும். தூரத்தில் மனிதர் நடந்து வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தால் கிட்டே வரும்போது அது நெருப்புக்கோழி.

குனிந்து தரையைப் பாருங்கள். உப்பும் களிமண்ணும் சேர்ந்து இறுகிய ஓர் ஓடு, ஒரு விரற்கடை கனம்கூட இராது. காய்ந்து வெடித்துப் பல கோணத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் விளிம்பும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஓட்டைப் பெயர்த்தெடுத்தால் அடியில் சாம்பலும் பச்சையும் கலந்த ஈரச் சேறு. மேலே எத்தனை மாதம் வெயில் காய்ந்திருந்தாலும் அந்த ஈரம் போவதில்லை. மேலோட்டை நம்பி வண்டியைச் செலுத்துகிறவர்கள் அச்சுவரை புதைவது இதனால்தான். உள்ளூர் ஓட்டுநர்கள் ஏற்கெனவே பதிந்த தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலக மாட்டார்கள். அப்படி விலகிய ஒரு வண்டியின் தடம் பல ஆண்டுகள் ஆனாலும் அழியாது. மேலோடு உடைந்த இடத்தில் உப்பு மறுபடி அதே மாதிரி இறுகுவதில்லை.

சூவாத் தரையின் தென்மேற்கில் குபு என்றொரு தீவு இருக்கிறது. தண்ணீர் இல்லாத தீவு. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், பத்து மீட்டர் உயரம் உள்ள கருங்கல் மேடு. பாறைகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம் இருக்கும். ஏரி இருந்த காலத்தில் அங்கே தங்கிய நீர்ப்பறவைகளின் எச்சம் இறுகிக் கல்லானது. ஓரத்தில் அலை உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்கள் கிடக்கின்றன. மேட்டின் மேல் பெருக்குமரங்கள் நிற்கின்றன. மன்னாரில் அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்களே, இராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி, ஆனைப்புளி என்கிறோமே, அதே மரம்தான். அங்கே அது சொந்த மண்ணில் நிற்கிறது. தீவில் பழங்காலத்தார் அடுக்கிய தாழ்வான கற்சுவர் ஒன்றும் பிறை வடிவில் இருக்கிறது. அருகிலுள்ள மாட்ஷுமோ கிராமத்தார் கைங்-ஓ என்ற அறக்கட்டளை அமைத்து இந்தத் தீவைப் பராமரிக்கிறார்கள். அங்கே இரவு தங்கினால் நாம் கொடுக்கும் கட்டணம் அந்தக் கிராமத்துக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு, எல்லா இடத்திலும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்.

பெருக்குமரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. தாமஸ் பெய்ன்ஸ் என்ற ஓவியர் 1862-ல் இந்தப் பக்கம் வந்தபோது, நக்சாய்த் தரைக்கு அருகே ஒரு சிறு உப்புத் தரையின் ஓரத்தில் நின்ற பெருக்குமரக் கூட்டத்தை வரைந்தார். அந்த ஓவியத்தையும் இன்றைய நிழற்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 160 ஆண்டுக்கு மேல் ஆகியும் மரங்கள் அதிகம் மாறவில்லை. சாய்ந்து கிடக்கும் மரம்கூட இன்றும் தழைக்கிறது. ஆனால் என்ட்வெட்வேயின் ஓரத்தில் நின்ற சாப்மன் பெருக்குமரம் 2016 ஜனவரியில் விழுந்துவிட்டது. சுமார் 1,400 வயது என்று கணித்த மரம். லிவிங்ஸ்டன் காலத்துப் பயணிகளுக்கு அதுதான் அடையாளக் கம்பம். கடிதங்களை அதன் பொந்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் மிக மூத்த பெருக்குமரங்களில் பல 2005-க்குப் பிறகு அடுத்தடுத்து விழுந்திருப்பதை 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. வெப்பமும் வறட்சியும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள்.

இந்தத் தரையில் மனிதர் நடந்த காலமும் மிகப் பழையது. ஏரி வற்றிய இடைவெளிகளில் அதன் அடித்தரைக்குள் இறங்கி வாழ்ந்த நடுக் கற்கால மக்களின் கல்லாயுதங்கள் இன்றும் தரையின் மேல் கிடக்கின்றன. 2019-ல் நேச்சர் இதழில் ஒரு குழு, இன்றைய மனிதர் அனைவரின் தாய்வழி மூதாதையர் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த மக்காடிக்காடி–ஒகவாங்கோ ஈரநிலத்தில்தான் வாழ்ந்தார்கள் என்று எழுதியது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. உடனே பல அறிஞர்கள் மறுத்தார்கள். இன்று ஒரு பகுதியில் வாழும் மக்களின் தாய்வழி மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களின் மூதாதையர் அத்தனை காலத்துக்கு முன் எந்த இடத்தில் இருந்தார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது என்றார்கள். மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. மக்காடிக்காடியின் பெருமைக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை.

இப்போது மழைக்கு வருவோம்.

நவம்பரில் மேகம் கூடத் தொடங்கும். ஆண்டுக்கு 450 மில்லிமீட்டர் அளவுதான் மழை. அதுவும் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிழக்கே ஜிம்பாப்வேயில் பெய்த மழை நாட்டா ஆற்றில் இறங்கி சூவாத் தரையின் வடகிழக்கு மூலையில் வந்து பரவும். நல்ல மழை ஆண்டில் பார்வை எட்டும் தூரம்வரை தண்ணீர். ஆனால் பெரும்பாலும் கணுக்கால் ஆழம், மிஞ்சினால் முழங்கால். அந்த ஆழமின்மையில்தான் எல்லாம் இருக்கிறது.

நாம் காலால் நொறுக்கிய அந்த உப்போட்டுக்குள் கோடிக்கணக்கான முட்டைகள் உறங்கிக்கொண்டிருந்தன. உப்புநீரில் வாழும் சிற்றிறால்களின் முட்டைகள். இறால் பண்ணைக்காரர்கள் ஆர்டீமியா என்று டப்பாவில் வாங்கிக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்களே, அந்த வகை. ஈரம் முழுக்க வற்றினாலும் உயிர் போகாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஓடு அந்த முட்டைகளுக்கு உண்டு. தண்ணீர் பட்டதும் சில நாட்களில் பொரிந்துவிடும். கூடவே சுருள்பாசி முதலிய நீலப்பச்சைப் பாசிகள் பெருகும். தண்ணீரே கொஞ்சம் பச்சையாகக் குழம்பும்.

பூநாரைகள் வருவது அப்போதுதான். இரண்டு இனம் உண்டு. பெரும் பூநாரை சிற்றிறாலையும் புழுவையும் சேற்றிலிருந்து துழாவி எடுக்கும். சிறு பூநாரை நீரின் மேல்மட்டத்திலேயே அலகை வைத்துச் சுருள்பாசியை வடிகட்டும். ஒரே தண்ணீரில் இரண்டும் அருகருகே மேய்ந்தாலும் ஒன்றின் இரைக்கு இன்னொன்று போட்டியில்லை. அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கைப் பிஸ்டன்போல் முன்னும் பின்னும் அடித்து, அலகின் ஓரத்திலுள்ள மயிரிழைச் சல்லடை வழியே நீரை வெளியே தள்ளும். அருகில் நின்று கேட்டால் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே நேரத்தில் சலசலக்கும் ஓசை. இறகின் இளஞ்சிவப்புக்கும் இந்தப் பாசியில் உள்ள நிறமிதான் காரணம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு சாம்பல் நிறத்தில், நேரான அலகோடுதான் இருக்கும். அலகு வளைவதும் நிறம் ஏறுவதும் பிறகு.

ஆப்பிரிக்காவில் சிறு பூநாரைக்கு முட்டையிடத் தோதான இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தான்சானியாவின் நேட்ரான் ஏரி, நமீபியாவின் எடோஷா, தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகருக்கு அருகே ஆட்கள் கட்டிக்கொடுத்து, சில ஆண்டுகள் பயன்பட்ட தீவு, பிறகு சூவாவின் தென்பகுதி. தெற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பூநாரை இனங்களுக்கும் சூவாதான் முதன்மையான இனப்பெருக்க இடம். நரியும் கழுதைப்புலியும் நடக்க முடியாத சேற்றுக்கும் நீருக்கும் நடுவில், சேற்றைக் குவித்துக் கூம்பு செய்து, உச்சியில் ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். அவற்றின் கழுத்துப் பையில் ஊறும் செந்நிறப் பாலைக் குஞ்சு குடிக்கும். தண்ணீர் இருக்கும்வரை இதெல்லாம் நடக்கும். மழை முன்கூட்டியே நின்று நீர் வற்றத் தொடங்கினால், பறக்கத் தெரியாத குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒன்று சேர்ந்து, பின்வாங்கும் நீரைத் தேடி அந்த உப்புச் சேற்றில் நடக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் பல குஞ்சுகள் வழியிலேயே விழுந்துவிடும். மழை நிலைத்த ஆண்டில் ஒரே பருவத்தில் அந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டிவிடும். எல்லா ஆண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பறவை எதிர்பார்ப்பதில்லை. நீண்ட ஆயுள் உள்ள பறவை, காத்திருக்கத் தெரியும்.

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் பார்க்கும் பெரும் பூநாரையும் இதே இனம்தான். நம்மிடம் அது இரைக்காக வருகிறது. நம் நாட்டில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்சு ரண் பகுதியில். அதுவும் மழையில் நிறைந்து வெயிலில் காயும் உப்புவெளிதான்.

கிரஹாம் மெக்கல்லக் என்ற ஆய்வாளர் சூவாவில் சில பூநாரைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவிகளைக் கட்டிவிட்டு அவை போகும் வழியைத் தொடர்ந்தார். அவருடைய குழு 2003-ல் வெளியிட்ட முடிவில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஒன்று. பூநாரைகள் பெரிய ஏரியிலிருந்து பெரிய ஏரிக்கு மட்டும் பறப்பதில்லை. வழியில் கிடக்கும் சின்னச் சின்னக் குளம், குட்டை, சிறு உப்புத் தரை எல்லாவற்றிலும் இறங்கித் தங்கிப் போகின்றன. யாரும் சரணாலயமாக அறிவிக்காத, வரைபடத்தில் பெயர்கூட இல்லாத நீர்நிலைகள் அவை. சூவாவில் காவல் போட்டுவிட்டு அந்தக் குட்டைகளைத் தூர்த்துவிட்டால் சூவாவுக்குப் பறவை எப்படி வந்து சேரும்?

சூவாவின் வடகிழக்கில் 1991 முதல் சோடா உப்பு எடுக்கும் ஆலை இயங்குகிறது. தரைக்கு அடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பெரிய பாத்திகளில் வெயிலில் காயவைத்து, கண்ணாடிக்கும் சோப்புத்தூளுக்கும் வேண்டிய சோடாவையும், உப்பையும் எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பலருக்கு வேலை தரும் ஆலை. பூநாரைகள் முட்டையிடும் தெற்குப் பகுதி அதற்கு எட்ட இருக்கிறது. அந்த இடைவெளி அப்படியே நீடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நண்பர்களே, பறவைக்காவது சிறகு இருக்கிறது. நடந்து வருகிறவற்றின் கதையைச் சொல்லத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

என்ட்வெட்வேக்கு மேற்கே பரந்த புல்வெளி. அதன் மேற்கு எல்லையில் போட்டெட்டி ஆறு. வறண்ட மாதங்களில் வரிக்குதிரைகள் அந்த ஆற்றை ஒட்டியே இருக்கும். ஆற்றோரத்துப் புல் தீர்ந்ததும் முப்பது கிலோமீட்டர் வரை உள்ளே போய் மேய்ந்துவிட்டு, தாகத்துக்கு மறுபடி ஆற்றுக்கு வரும். அப்படி நடந்து நடந்து அந்த மண்ணில் பள்ளமான தடங்கள் விழுந்திருக்கின்றன. முதல் மழை விழுந்து சிறு தரைகளில் நீர் தேங்கியதும் அவை ஆற்றை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கிழக்கே கிளம்பும்.

அவற்றைத் தவிர இன்னொரு கூட்டமும் வருகிறது. ஒகவாங்கோவின் தென்கிழக்கு ஓரத்திலிருந்து. அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் உண்டு, புல்லும் உண்டு. அதை விட்டுவிட்டு இந்த உப்புவெளிக்கு ஏன் வர வேண்டும்? மழையில் முளைக்கும் மக்காடிக்காடிப் புல்லில் சத்தும் தாது உப்பும் அதிகம் என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விடை. குட்டி ஈனும் காலத்தில், பால் கொடுக்கும் தாய்க்கு அந்தப் புல் வேண்டியிருக்கிறது.

பிறந்து சில நாளே ஆன குட்டியை அங்கே அருகில் பார்த்தேன். வரிகள் இன்னும் கறுக்கவில்லை, காப்பிக்கொட்டை நிறம். முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. உடம்பு சின்னது, கால் மட்டும் ஏறக்குறைய தாயின் கால் அளவு. தேங்கிய மழைநீரில் தாய் குனிந்து குடிக்கும்போது குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது. இன்னொரு பெண் குதிரை நெருங்கியபோது தாய் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றது. முதல் சில நாட்கள் மற்றக் குதிரைகளைக் குட்டியின் அருகே விடாது. தாயின் வரியையும் வாடையையும் குரலையும் குட்டி மனத்தில் பதித்துக்கொள்ள அந்த நாட்கள் வேண்டும். பிறகு கூட்டத்தில் எத்தனை ஆயிரம் வரிகள் கலந்தாலும் தன் தாயை அது கண்டுபிடித்துவிடும்.

இந்த ஒகவாங்கோக் கூட்டத்தின் வழியில் 1968-ல் ஒரு வேலி போட்டார்கள். விலங்கை வேட்டையாடுவதற்காக இல்லை. கோமாரி நோய்க்காக. போட்ஸ்வானாவின் பெரிய வருமானங்களில் ஒன்று மாட்டிறைச்சி. அது ஐரோப்பியச் சந்தைக்குப் போகிறது. கோமாரி இல்லாத பகுதி என்று காட்டினால்தான் அங்கே வாங்குவார்கள். காட்டெருமைகள் அந்த நோய்க்கிருமியைத் தாங்கித் திரிகின்றன என்பதால், காட்டையும் மாட்டையும் பிரிக்க 1950-களிலிருந்தே நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்நடை வேலிகள் எழுந்தன. கலஹாரியின் வடக்கே போடப்பட்ட கூக்கே வேலியில் முட்டி மோதி, தண்ணீருக்குப் போக முடியாமல், 1980-களின் வறட்சியில் வில்டபீஸ்ட் மான்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. அந்த வரலாறு போட்ஸ்வானாவில் இன்றும் வலியோடு பேசப்படுகிறது.

கோமாரி பிளவுபட்ட குளம்பு உள்ள விலங்குகளுக்கு வரும் நோய். மாடு, ஆடு, பன்றி, எருமை, மான். வரிக்குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. அதற்குக் கோமாரி வராது. தனக்கு வராத, தான் பரப்பாத ஒரு நோய்க்காக வரிக்குதிரையின் வழி 36 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

2004-ல் அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஹாட்டி பார்ட்லம்-புரூக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் வேறொரு நோக்கத்தில், ஒகவாங்கோ ஓரத்தில் மேய்ந்த 11 வரிக்குதிரைகளுக்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். அவை ஒகவாங்கோவைச் சுற்றியே திரியும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். மழை தொடங்கியதும் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கிளம்பி மக்காடிக்காடிக்கு வந்துவிட்டன. போக வர 588 கிலோமீட்டர். 2011-ல் இந்த முடிவு வெளியானபோது காட்டுயிர் ஆய்வுலகமே திரும்பிப் பார்த்தது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். காட்டில் ஒரு வரிக்குதிரை இருபது ஆண்டு வாழ்ந்தாலே அதிகம். 1968-க்கு முன் அந்த வழியில் நடந்த ஒரு குதிரைகூட 2004-ல் உயிரோடு இருந்திருக்காது. வழிகாட்டத் தாய் இல்லை, பாட்டியும் இல்லை. இருந்தும் வேலி போன சில ஆண்டுகளுக்குள் பாதை திரும்ப உண்டானது. வலசை என்பது தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்வது மட்டும்தான், ஒரு தலைமுறை அறுந்தால் அதோடு போய்விடும் என்று பலர் கருதி வந்தார்கள். அந்தக் கருத்தை இந்தக் குதிரைகள் ஆட்டிவிட்டன. அதே குழு பிறகு மழை அளவையும் புல் பசுமையையும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து, குதிரைகள் கிளம்பும் நாளும் நடக்கும் வேகமும் அவற்றோடு ஒத்துப்போவதைக் காட்டியது. நிலத்தைப் படித்துக்கொண்டே நடக்கிற விலங்கு அது.

வேலி என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அங்கே மாடு வளர்த்துப் பிழைக்கிறவர்களுக்குச் செய்யும் அநீதி. போட்டெட்டி ஆறு 1990-களின் தொடக்கத்தில் வற்றிப்போய்ச் சுமார் இருபது ஆண்டு காய்ந்து கிடந்தது. ஆற்றுப் படுகையில் மிஞ்சிய சில குட்டைகளில் வரிக்குதிரையும் மாடும் முட்டிக்கொண்டு நின்றன. வரிக்குதிரைகள் மழைக்குக் கிழக்கே போனபின் ஆற்றோரத்திலேயே தங்கிவிட்ட சிங்கங்கள் கிராமத்து மாடுகளைப் பிடித்தன. மாட்டை இழந்தவர்கள் சிங்கத்தைக் கொன்றார்கள். அந்த மோதலைத் தணிக்க மக்காடிக்காடி தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையில் ஒரு வேலி எழுந்தது. அந்த வேலிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வலசை போகும் வழிக்கு அது குறுக்கே நிற்கவில்லை. வேலியை எங்கே போடுகிறோம், எந்த உயிருக்கு எதிராகப் போடுகிறோம் என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம். 2009 வாக்கில் ஒகவாங்கோவில் வந்த பெருவெள்ளத்தில் போட்டெட்டியில் மறுபடி தண்ணீர் ஓடியது. குமாகா கிராமத்து மக்கள் கரையில் கூடி அதைப் பார்த்தார்கள் என்று அங்கே சொல்லக் கேட்டேன். ஆறே பார்த்திராமல் வளர்ந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

இதைவிட நேர்க்கோட்டில் நீண்ட வலசை ஒன்றும் பிறகு தெரியவந்தது. நமீபியா எல்லையில் சோபே ஆற்றங்கரையிலிருந்து தெற்கே நக்சாய்த் தரைக்கு வரிக்குதிரைகள் வருகின்றன. ராபின் நாய்டூவின் குழு 2014-ல் அதை வெளியிட்டது. இரண்டு நாடுகளின் எல்லையைத் தாண்டி நடக்கும் வலசை. அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளும் 2011-ல் ஒப்பந்தம் செய்து, சுமார் 5,20,000 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காசா என்ற ஒரே காப்புப் பகுதியாகக் கருத முன்வந்தன. மக்காடிக்காடியும் நக்சாயும் அதற்குள் வருகின்றன. அந்தப் பரப்பில் ஊர்கள் இருக்கின்றன, வயல்கள் இருக்கின்றன, நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காலிசெய்துவிட்டுக் காடாக்குவது அவர்கள் எண்ணமில்லை. ஊர்களுக்கு நடுவே விலங்கு நடந்துபோக இடம் விடுவதுதான் திட்டம். கடினமான வேலை. யானை பயிரை மிதித்த வீட்டுக்கு யார் ஈடு கொடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் எழுகிறது. ஆனாலும் சரியான திசையில் எடுத்து வைத்த அடி என்று நம்புகிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை போனால் வரிக்குதிரைக் கூட்டத்தைப் பார்க்கலாம், மழை நிலைத்திருந்தால் பூநாரையையும் பார்க்கலாம். ஆனால் தரைக்குள் வண்டி இறங்காது. ஓரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். நாட்டா ஊருக்கு அருகே நான்கு கிராமத்தார் சேர்ந்து 1990-களில் தொடங்கிய பறவைச் சரணாலயம் இருக்கிறது. பூநாரையோடு கூழைக்கடாக்களும் அங்கே கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் உப்புவெளியில் நடக்கலாம், குபு தீவில் தங்கலாம், போட்டெட்டிக் கரையில் வரிக்குதிரை நீர் குடிக்க வருவதைப் பார்க்கலாம். க்வேட்டா ஊருக்குப் பக்கத்தில் மனிதருக்குப் பழகிய மீர்கேட் கூட்டங்கள் உண்டு. கீரி வகை. காலையில் வளையிலிருந்து வெளியே வந்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, வயிற்றை வெயிலில் காட்டிச் சூடேற்றிக்கொள்ளும். நாம் அசையாமல் உட்கார்ந்தால், நம்மைவிட உயரமான இடம் வேறு இல்லாததால் நம் தோளிலோ தலையிலோ ஏறி நின்று கழுகு வருகிறதா என்று வானத்தைப் பார்க்கும். தீனி கொடுக்கவும் கூடாது, கையால் தொடவும் கூடாது. வழிகாட்டிகள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள், இருக்க வேண்டும்.

உப்புவெளியில் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் பறப்பது அங்கே வரும் பலருக்குப் பெரிய ஆசை. பழைய தடத்தில், வழிகாட்டிக்குப் பின்னால், வரிசையாகப் போனால் கேடில்லை. தடத்தை விட்டு வெள்ளைத் தரையில் வட்டமடிப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கோடு பல ஆண்டுகள் அங்கே இருக்கும். மழை ஆண்டில் தெற்குச் சூவா பக்கம் வண்டியிலோ தாழப் பறக்கும் சிறு விமானத்திலோ போக யார் அழைத்தாலும் போகாதீர்கள். பூநாரைக் கூட்டம் ஒருமுறை மிரண்டு எழுந்தால் முட்டையைக் கைவிட்டுப் போய்விடக்கூடும். அங்கே கூடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், பார்த்தே தீர வேண்டியதில்லை.

மவுன் நகரத்திலிருந்து நாட்டாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் வண்டியில் வருகிறவர்கள் மழைக்காலத்தில் வேகத்தைக் குறையுங்கள். வரிக்குதிரைகள் சாலையைக் கடக்கும் இடங்கள் அதில் உண்டு. இரவில் அந்தச் சாலையில் ஓட்டவே வேண்டாம்.